குடும்ப மருத்துவக் காப்பீடு: புதுப்பிக்கும் நாளுக்கு முன்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதி ஒன்று, சிறுபஞ்சமூலம் ஒன்று. முன்னதை இயற்றிய கணிமேதாவியாரும் பின்னதை இயற்றிய காரியாசானும் சமணச் சான்றோர். இரு நூல்களின் பெயரும் மருந்தின் பெயர். ஏலம் முதலான ஆறு சரக்குகள் சேர்ந்த சூரணம் ஏலாதி. ஐந்து சிறு வேர்களால் ஆகிய மருந்து சிறுபஞ்சமூலம். அறம் உரைக்க வந்த நூலுக்கு மருந்தின் பெயரை இட்ட மரபு இது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று நால்வகைத் தானத்தை எண்ணியபோதும் அம்மரபு ஔடதத்துக்கு ஓர் இடம் வைத்தது. அன்று ஔடதம் என்பது வேரும் பட்டையும். இன்று அது அறுவைக்கூடம், ஸ்கேன் அறை, ஸ்டென்ட், தீவிர சிகிச்சைப் பிரிவு. அவற்றுக்கு வழி திறந்துவிடும் தாள் ஒன்று பல வீடுகளின் பீரோவில் கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பணம் கட்டும்போது மட்டுமே அது வெளியே வருகிறது. இவ்வுரை அந்தத் தாளைப் பற்றியது.

நாஞ்சில் நாடு மருத்துவத்தில் பின்தங்கிய நிலப்பகுதி அன்று. நெய்யூரில் மேலை மருத்துவம் 1838ஆம் ஆண்டிலேயே காலூன்றியது. 1922இல் எவரெஸ்ட் மலை ஏறச் சென்ற குழுவில் இருந்த சாமர்வெல் என்னும் மருத்துவர் பின்னர் அந்நெய்யூரிலேயே நெடுங்காலம் கத்தி பிடித்தார். இன்று ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி உண்டு. வர்ம வைத்தியர்க்கும் குறைவில்லை. பெரிய நோய் என்றால் வண்டி திருவனந்தபுரத்துக்குத் திரும்பும். திண்டிவனம், வந்தவாசி வட்டாரங்களிலிருந்து தொழில் நிமித்தம் இங்கு வந்து தங்கிய சமணக் குடும்பங்களோ சென்னைக்கும் வேலூருக்கும் புதுச்சேரிக்கும் போவதுண்டு. வைத்தியம் கிடைக்கிறது. அதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் குடும்பங்கள் நொடிக்கின்றன. முன்பு வயல் ஒற்றிக்குப் போகும், நகை அடகுக்குப் போகும், சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். இந்தியாவில் 1986ஆம் ஆண்டு பொதுத்துறை நிறுவனங்கள் மெடிக்ளைம் என்னும் பாலிசியைக் கொண்டுவந்த பின்னரே தனிமனிதர்க்கு வேறொரு வழி பரவலாகத் திறந்தது.

புதுப்பிக்கும் அறிவிப்பு வரும்போது வீட்டில் எழும் முதற்கேள்வி, 'இந்த வருஷம் எவ்வளவு கட்ட வேண்டும்?' என்பது. அடுத்த கேள்வி, 'வேறு கம்பெனியில் குறைவாக இருக்கிறதாமே?' என்பது. கேள்வி தவறன்று. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பாலிசி எத்தனை ஆண்டுகளாகத் தொடர்ந்து நடக்கிறது? பழைய பாலிசியில் ஒரு குடும்பம் சேர்த்து வைத்திருக்கும் சொத்து, கட்டிய பணம் அன்று, கடந்த ஆண்டுகள்.

அது எவ்வாறு சொத்தாகிறது? புதிதாகப் பாலிசி எடுத்தால் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற சில சிகிச்சைகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போதே உடலில் இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றால் வரும் சிகிச்சைக்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி மெய்ப்பிக்கப்பட்டால் அன்றி, 'நோயை மறைத்தீர்' என்று சொல்லி நிறுவனம் கிளைமை மறுக்க இயலாது. இத்தனையும் ஆண்டுகளால் மட்டுமே கிடைப்பவை. பணம் கூடுதலாகக் கட்டி வாங்கக் கூடியவை அல்ல.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவர்க்கு 61 வயது, மனைவிக்கு 57. எட்டு ஆண்டுகளாக 5 லட்ச ரூபாய் பாலிசி நடக்கிறது. வேறொரு நிறுவனம் 10 லட்சத்துக்கு, இப்போது கட்டுவதைக் காட்டிலும் 3,000 ரூபாய் குறைவாகக் கேட்கிறது. பழையதை விட்டுவிட்டுப் புதியதை வாங்குகிறார்கள். ஆறாம் மாதம் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். புதிய நிறுவனம், இரண்டு ஆண்டு ஆகவில்லை என்று கடிதம் எழுதுகிறது. அக்கடிதத்தில் பிழையில்லை. எட்டு ஆண்டுச் சொத்தை 3,000 ரூபாய்க்கு விற்றது குடும்பம்தான்.

அதே குடும்பம் அதே நிறுவனத்துக்கு வேறு வாசல் வழியாகப் போயிருக்கலாம். பாலிசியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 அக்டோபர் 1 முதல் இந்நாட்டில் உண்டு. போர்ட்டிங் என்று இதைச் சொல்கிறார்கள். செல்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றுவது போன்றது. இவ்வழியே போனால் பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம் உடன் வரும். பழைய 5 லட்சத்துக்கும் அதில் சேர்ந்த போனஸுக்கும் காத்திருப்பு முடிந்ததாகவே கொள்ளப்படும். கூட்டிய தொகைக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குப் பழைய வரம்பு வரை பணம் கிடைத்திருக்கும். ஆகவே முகவர் புதிய திட்டத்தைக் காட்டும்போது, 'இது புதுப் பாலிசியா, போர்ட்டிங்கா?' என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். விண்ணப்பத்திலும் அவ்வாறே எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வதும் நல்லது.

இதற்கொரு காலக்கெடு உண்டு. புதுப்பிக்கும் நாளுக்கு 60 நாளுக்கு முன்போகாமலும் 45 நாளுக்குக் குறையாமலும் விண்ணப்பிக்க வேண்டும் என்பது முறை. ஏப்ரல் 30 அன்று முடியும் பாலிசிக்கு மார்ச் 1 முதல் 16 வரை. நிறுவனம் அனுப்பும் நினைவூட்டல் பெரும்பாலும் இந்த நாட்கள் கடந்த பிறகே கண்ணில் படுகிறது. மேலும், புதிய நிறுவனம் கட்டாயம் ஏற்க வேண்டும் என்பதில்லை. வயதையும் நோயையும் பார்த்து மறுக்கலாம். எனவே ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதைக் கைவிடலாகாது. பழைய நிறுவனமோ, முன்பு கிளைம் வாங்கினீர் என்ற காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. கடைசி நாள் தவறினால் ஆண்டுப் பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறாது. ஆயினும் பணம் கட்டாத இடைநாட்களில் நேரும் சிகிச்சைக்குக் காப்பு இல்லை.

இனி, இரண்டு பாலிசிகளை அருகருகே வைத்தால் எதைப் பார்ப்பது? பெரிய எழுத்தில் அச்சிட்ட 5 லட்சம், 10 லட்சம் என்பதை அன்று. முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. பலரும் இதைச் சிறிய செய்தியாக எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்; மருத்துவமனைக் கணக்கு மேசையில்தான் அதன் கனம் தெரிகிறது.

3 லட்ச ரூபாய் பாலிசி. அறை வாடகை வரம்பு அதில் நூற்றுக்கு ஒன்று, அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். உறவினர் வந்து பார்ப்பார்களே என்று 6,000 ரூபாய் அறை எடுக்கிறார்கள். ஐந்து நாள். அறைக்கு 30,000, அறுவை மருத்துவர், அறுவைக்கூடம், செவிலியர் கட்டணம் 80,000, மருந்து, பரிசோதனை, உடலுள் பொருத்திய கருவி 60,000, ஆக 1,70,000. வரம்புக்கு மேற்பட்ட அறை வாடகை 15,000 தானே, அதைக் கையிலிருந்து கட்டிவிடலாம் என்று குடும்பம் எண்ணுகிறது. ஆனால் அறை இரு மடங்கானால், அறையின் தரத்தை ஒட்டி ஏறும் மருத்துவர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியே தரப்படும் என்பது பாலிசியின் விதி. 80,000இல் 40,000 குறைகிறது. அறையில் 15,000, இதில் 40,000, ஆக 55,000 ரூபாய் வீட்டுப் பணம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் பொருத்திய கருவிக்கும் இந்த விகிதக் குறைப்பு செல்லாது என்று ஆணையம் விதித்திருக்கிறது. யாரேனும் அவற்றிலும் பாதியைக் கழித்திருந்தால் கேட்டுப் பெறலாம். அறை வாடகைக்கு வரம்பில்லாத பாலிசிக்கோ, தனியறை என்று மட்டும் குறித்த பாலிசிக்கோ ஆண்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கேட்டால் அது பெரும்பாலும் தகுந்த விலையே.

அடுத்தது கோ-பே என்னும் பங்குக் கட்டணம். எல்லா கிளைமிலும் நூற்றுக்கு இருபது குடும்பம் ஏற்க வேண்டும் என்றிருந்தால், 4 லட்ச ரூபாய் சிகிச்சையில் 80,000 கையிலிருந்து போகும். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் ஆண்டுக்கு 5,000 குறைகிறது என்று கொண்டால், அந்த 80,000ஐ மீட்டெடுக்கப் பதினாறு ஆண்டு நோயின்றி இருக்க வேண்டும். இளையோர்க்கு இது ஒத்துவரலாம். அறுபதைக் கடந்தவர்க்கு வராது. சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வைக்கின்றன. நாகர்கோவில் முகவரிக்குக் குறைந்த கட்டணம் கட்டியவர் சென்னையில் படுத்தால் ஒரு பங்கைத் தாமே ஏற்க நேரலாம். திருவனந்தபுரம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது இம்மாவட்டத்துக் குடும்பங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி. ரொக்கமின்றிச் சிகிச்சை தரும் மருத்துவமனைப் பட்டியலிலும் உள்ளூர் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று, பிள்ளைகள் இருக்கும் ஊரில் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பாலிசியை எல்லா நிறுவனமும் ஒரே விதிகளோடு விற்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணையம் நடைமுறைப்படுத்தியது. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு இரண்டு, உச்சம் 5,000 ரூபாய்; பங்குக் கட்டணம் நூற்றுக்கு ஐந்து. விதி ஒன்றாகவே இருப்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். வேறொரு பாலிசி இதனினும் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது, அதற்கு எவ்வளவு கேட்கிறது என்று எடைபோடவும் இது உதவும்.

குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி என்னும் ஃப்ளோட்டர் இளங்குடும்பங்களுக்குச் சிக்கனம். ஆனால் அதன் கட்டணம் பெரும்பாலும் மூத்தவரின் வயதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. எழுபது வயதுத் தந்தையையும் அதில் சேர்த்தால் முப்பது வயது மகனின் காப்புக்கும் சேர்த்து விலை ஏறும். தந்தையின் ஒரு சிகிச்சையில் தொகை முழுதும் தீர்ந்தால் பேரனுக்கு மிச்சமிராது. பெற்றோர்க்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி என்று பிரிப்பது பல வீடுகளில் நன்மை தரும்.

நோய் உள்ள மூத்தோர்க்குப் போர்ட்டிங்கைக் காட்டிலும் இருக்கும் இடத்தில் இருப்பதே மேல் எனப் பல வேளை தோன்றும். தொகை போதவில்லை என்றால் அடிப்படைப் பாலிசியைத் தொடாமல் மேலே ஒரு சூப்பர் டாப்-அப் சேர்க்கலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் அது ஏற்பதால் விலை குறைவு. டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். அடிப்படை 5 லட்சம். மேலடுக்கும் 5 லட்சத்துக்கு மேல் தொடங்குவது. ஒரே ஆண்டில் இரண்டு முறை 4 லட்சம் செலவாகிறது. டாப்-அப் ஒவ்வொரு முறையையும் தனித்தனியே பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதையும் கூட்டி 8 லட்சம் என்று பார்த்து 3 லட்சம் தரும். இதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் உடல் நன்றாயிருக்கும்போதே எடுத்தல் வேண்டும்.

கட்டண உயர்வைக் கணிப்பதிலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது. அதற்கு முன் ஒருவர் கட்டணம் 25,000, வரி 4,500, ஆக 29,500 கட்டினார் என்று கொள்வோர், அடுத்த அறிவிப்பில் 29,000 என்று கண்டு, 500 குறைந்தது என மகிழக்கூடும். உண்மையில் கட்டணம் 25,000இலிருந்து 29,000 ஆகி, நூற்றுக்குப் பதினாறு ஏறியிருக்கிறது. பழைய ரசீதில் வரிக்கு முந்தைய தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்க்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கட்டணம் உயர்த்த, ஆணையத்தைக் கலந்தே செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது.

இனிச் சொல்ல வேண்டியது, விண்ணப்பத்தில் நோயை எழுதுவது பற்றி. "அண்ணாச்சி, சுகர் இருக்குன்னு எழுதாண்டாம், பிரீமியம் கூடும்" என்று கனிவோடு சொல்லும் முகவர்கள் உண்டு. அவர் தீங்கு நினைப்பவராக இருக்க வேண்டியதில்லை. தமக்கு ஒரு பாலிசி, அண்ணாச்சிக்குச் சில ஆயிரம் மிச்சம் என்றே எண்ணுகிறார். ஆனால் கையெழுத்து அண்ணாச்சியுடையது. இரண்டாண்டு கழித்து நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனால் பணிமருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, 'சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது?' என்பது. 'பத்து வருஷமாக' என்று மகள் உள்ளபடி சொல்வாள். உயிருக்குப் போராடும் தந்தையின் அருகில் நிற்பவள் வேறெப்படிச் சொல்வாள்? அது நோயாளிக் குறிப்பில் ஏறும். காப்பீட்டு நிறுவனம் அதையே முதலில் படிக்கும். கிளைம் மறுக்கப்படுவதோடு பாலிசியும் ரத்தாகலாம். இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் சத்தியம் ஒன்று என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது படிவத்தின் மூன்றாம் பக்கத்திலும் பொருந்தும் என்பதே செய்தி. முன்பே மறைத்துவிட்டவர்கள் புதுப்பிக்கும்போதாவது எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. கட்டணம் ஏறலாம், காத்திருப்பு வைக்கலாம். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் தெரியவருவதைக் காட்டிலும் அது சிறு துன்பம்.

சித்தமும் ஆயுர்வேதமும் விரும்புவோர்க்கு ஒரு சொல். ஆயுஷ் முறைகளில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சையை மற்ற சிகிச்சைக்கு இணையாகவே கருத வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. பதிவு பெற்ற மருத்துவமனையாக இருத்தல் வேண்டும். புத்துணர்ச்சிக்கென்று செய்துகொள்ளும் எண்ணெய்ப் பிழிச்சலுக்கு எவரும் பணம் தருவதில்லை.

தனியார் பாலிசி எல்லார்க்கும் இன்றியமையாதது என்பதும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. நிலத்தை நம்பி வாழும் சமணக் குடும்பங்கள் பல இதற்குத் தகுதி பெற்றிருந்தும் அட்டை எடுக்காமலே இருக்கின்றன. மாநில அரசு ஓய்வூதியர்க்கு 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம். அதில் சொல்லும் 5 லட்சம் ஓராண்டுக்கு உரியதன்று, நான்கு ஆண்டுக்கு உரியது. அதை ஆண்டுத் தொகை என்று எண்ணித் தம் சொந்தப் பாலிசியை நிறுத்திவிடுவோர், நிறுத்தும் முன் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்த பிறகு நேரும் தாமதம் பெருங்குறையாகப் பேசப்படுகிறது. 2024 மே 29 அன்று ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் விடை தர வேண்டும். அதனினும் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். குமரி மாவட்டத்துக்கு உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டுவதில்லை, 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்; அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

இதற்கெல்லாம் வேண்டுவது பீரோவில் கிடக்கும் அந்தத் தாளும், பழைய ஆண்டுகளின் பாலிசிப் படிகளும், ரசீதுகளும். தொடர்ச்சியை மெய்ப்பிப்பவை அவையே. இன்று வீடு திரும்பியதும் பாலிசி முடியும் நாளைப் பார்த்து, அதிலிருந்து அறுபது நாள் பின்னோக்கி எண்ணி, நாட்காட்டியில் அந்தத் தேதியை வட்டமிட்டுவிடலாம். கண் தெரியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கைப் பேரப்பிள்ளைகள் போட்டுத் தரலாம்.